தொகுதியின் அளவு மாறினால் இலாபமும் மாறும்

ஒரு பொருளின் அடக்கவிலை என்ன என்று கேட்டால், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை ஓர் எண்ணை எடுத்துத் தருவது கணக்குப் பிரிவின் வழக்கம். அந்தப் பொருள் ஒரே ஓட்டத்தில், அதாவது ஒரு தொகுதியாக, எத்தனை செய்யப்படுகிறது என்ற அனுமானம் அந்த எண்ணுக்குள் சொல்லப்படாமல் ஒளிந்திருக்கிறது. ஐந்நூறு ஐந்நூறாகச் செய்யப்படும் ஒரு பொருளும், ஆயிரக்கணக்கில் மொத்தமாகச் செய்யப்படும் அதே பொருளும் மேலாண்மைக் கணக்கியலின் பார்வையில் ஒன்றல்ல. இருந்தும் பெரும்பாலான இலாப அறிக்கைகளில் அவை ஒரே வரியில், ஒரே அடக்கவிலையோடு உட்கார்ந்திருக்கின்றன. “இந்தப் பொருள் இலாபமானதா?” என்ற கேள்வியே பாதிக் கேள்விதான் என்பது என் கருத்து. எத்தனை எத்தனையாகச் செய்கிறோம், செய்யும் இயந்திரத்துக்கு ஓய்வு நேரம் உண்டா இல்லையா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

நெகிழியை உருக்கி அச்சில் செலுத்தி உறைகள் வார்க்கும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்கு மாறும்போது பழைய அச்சைக் கழற்றி, புதிய அச்சைப் பூட்டி, வெப்பத்தையும் அழுத்தத்தையும் சரிசெய்ய வேண்டும்; உருளைக்குள் தங்கியிருக்கும் பழைய நிறத்தை வெளியேற்ற நல்ல மூலப்பொருளையே கொஞ்சம் ஓட்டிக் கழிக்க வேண்டும்; முதலில் விழும் உறைகளை அளந்து பார்த்துத் தர ஒப்புதல் தர வேண்டும். செட்டப் என்று மொத்தமாகச் சொல்லப்படும் இந்த வேலை, அடுத்து வரப்போவது ஐந்நூறு உறைகளா ஐம்பதாயிரம் உறைகளா என்று பார்ப்பதில்லை. கொள்முதல் ஆணை, கிடங்கிலிருந்து பொருளை எடுத்து வருதல், உற்பத்தி அட்டவணையில் இடம் ஒதுக்குதல் ஆகியவையும் அப்படியே. இவை உறைக்கு ஒன்றாக நேரும் செலவுகள் அல்ல, ஓட்டத்துக்கு ஒன்றாக நேரும் செலவுகள்.

இந்த வேறுபாட்டை 1980-களின் பிற்பகுதியில் செலவை அதை உண்டாக்கும் வேலையின் மீது சுமத்தும் செயல்பாடு சார்ந்த அடக்கவிலை முறையை வளர்த்தெடுத்த கணக்கியல் அறிஞர்கள் ராபின் கூப்பரும் ராபர்ட் கேப்லனும் தெளிவாக வரையறுத்தார்கள். ஓர் அலகுக்கு நேரும் செலவு, ஒரு தொகுதிக்கு நேரும் செலவு, ஒரு பொருள் வகையைத் தாங்கி நிற்பதற்கான செலவு, ஆலை முழுவதையும் தாங்கி நிற்பதற்கான செலவு என்று நான்கு படிகளாகச் செலவுகளைப் பிரித்தது அவர்களின் பங்களிப்பு. முதல் படியையும் கடைசிப் படியையும் யாரும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். இலாபக் கணக்கு வழி தவறுவது பெரும்பாலும் இரண்டாவது படியில்தான்.

எண்களில் பார்க்கலாம், எந்த நாணயத்திலும் படித்துக்கொள்ளுங்கள். பல வகை உறைகளைச் செய்யும் ஓர் இயந்திரம் ஆண்டுக்கு மொத்தம் 10,00,000 உறைகளை வார்க்கிறது. ஆண்டில் 50 முறை செட்டப் நடக்கிறது. ஓர் உறைக்கு மூலப்பொருள், மின்சாரம் முதலிய மாறும் செலவு 30. வாடகை, தேய்மானம், மேற்பார்வை போன்ற பொது மேற்செலவு ஆண்டுக்கு 30,00,000. செட்டப் தொடர்பான மேற்செலவு 10,00,000, அதாவது ஒரு செட்டப்புக்கு 20,000. இவற்றுள் இரண்டு பொருட்களை மட்டும் கவனிப்போம். கறுப்பு உறை 50,000 வீதம் எட்டு ஓட்டங்களில் ஆண்டுக்கு 4,00,000 செய்யப்படுகிறது, விலை 36. நீல உறை 500 வீதம் இருபது ஓட்டங்களில் ஆண்டுக்கு 10,000 மட்டுமே செய்யப்படுகிறது, விலை 50.

பழைய முறைப்படி மேற்செலவு 40,00,000-ஐ 10,00,000 உறைகளுக்கும் சமமாகப் பகிர்ந்தால் உறைக்கு 4 விழும். இரண்டின் அடக்கவிலையும் 34. கறுப்பில் 2 இலாபம், நீலத்தில் 16 இலாபம். இந்த அறிக்கையைப் படிக்கும் விற்பனை மேலாளர் நீலத்தைத் தேடித் தேடி விற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

செட்டப் செலவை அதை உண்டாக்கிய ஓட்டத்தின் மீதே சுமத்திப் பாருங்கள். பொது மேற்செலவாக இரண்டுக்கும் உறைக்கு 3 விழும். கறுப்பின் எட்டு செட்டப்புகளுக்கான 1,60,000, நான்கு இலட்சம் உறைகளில் பரவி உறைக்கு வெறும் 0.40 ஆகிறது, அடக்கவிலை 33.40, இலாபம் 2.60. நீலத்தின் இருபது செட்டப்புகளுக்கான 4,00,000, பத்தாயிரம் உறைகளில் விழுந்து உறைக்கு 40 ஆகிறது. அடக்கவிலை 73, நட்டம் 23. ஆண்டுக்கு 1,60,000 இலாபம் ஈட்டித் தருவதாக நம்பப்பட்ட பொருள் 2,30,000 நட்டத்தில் நிற்கிறது. ஆலையின் மொத்தச் செலவில் ஒரு காசுகூட மாறவில்லை. அது யாருடையது என்ற பதில்தான் மாறியிருக்கிறது.

இது பாடநூலுக்காகச் செய்த மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவு 1980-களில் சந்தித்தது ஏறக்குறைய இதே நிலைமையைத்தான். அந்தப் பிரிவு பாகங்களுக்கு விலைப்புள்ளி கொடுத்துப் போட்டியிட்டபோது, தன் இயந்திரங்களுக்கு மிகவும் பொருந்திய பெரிய எண்ணிக்கை வேலைகளைப் பிறரிடம் இழந்து, சிறிய எண்ணிக்கை வேலைகளை வென்றுகொண்டிருந்தது. செலவுகளைச் செயல்பாட்டு வாரியாகப் பிரித்தபோது காரணம் தெரிந்தது: சிறு ஓட்டங்களின் செட்டப் சுமையைப் பெரிய ஓட்டங்கள் தாங்கிக்கொண்டிருந்ததால், பெரியவை உண்மைக்கு மேல் விலையேறியும் சிறியவை உண்மைக்குக் கீழ் விலையிறங்கியும் காணப்பட்டன. அடக்கவிலை தவறாக இருந்தால் இலாப அறிக்கை கெடுவதோடு நிற்பதில்லை. எந்த வேலை நம் வாசலுக்கு வருகிறது என்பதையும் அது தீர்மானித்துவிடுகிறது.

நீல உறையை நான்கு ஓட்டங்களில் 2,500 வீதம் செய்தால் என்ன ஆகும்? செட்டப் பங்கு உறைக்கு 8 ஆகக் குறையும். அடக்கவிலை 41, இலாபம் 9. பொருளும் விலையும் வாடிக்கையாளரும் அப்படியே இருக்க, ஆண்டு முடிவு 2,30,000 நட்டத்திலிருந்து 90,000 இலாபத்துக்கு வருகிறது. பல கட்டுரைகள் இந்த இடத்தில் “ஆகவே தொகுதியைப் பெரிதாக்குங்கள்” என்று முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏனெனில் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் கடினமானது: பதினாறு செட்டப்புகளைக் குறைத்ததால் சேமித்ததாகக் காட்டும் 3,20,000 எங்கே போய்ச் சேர்ந்தது?

ஒரு செட்டப்பின் 20,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். கழித்து வீணாக்கும் மூலப்பொருள், பரிசோதனைக்கான நுகர்பொருட்கள் போன்று உண்மையிலேயே கையை விட்டுப் போகும் பணம் 5,000 என்று கொள்வோம். மீதி 15,000 அச்சு மாற்றும் பணியாளர்களின் மாதச் சம்பளமும் இயந்திரத்தின் தேய்மானமும் ஆகும். செட்டப் எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக அந்தச் சம்பளம் குறையப்போவதில்லை, தேய்மானமும் நிற்கப்போவதில்லை. ஆகவே இயந்திரத்துக்கு ஓய்வு நேரம் இருக்கும் ஆலையில் பதினாறு செட்டப்புகளைக் குறைத்தால் கிடைக்கும் உண்மையான சேமிப்பு 80,000 மட்டுமே. மீதி 2,40,000 பயன்படாத திறனாக மாறி வேறொரு தலைப்பின் கீழ் அமர்ந்துகொள்கிறது. அந்தப் பணியாளர்களுக்கு வேறு பயனுள்ள வேலை தரும் வரை அது காகிதச் சேமிப்புதான்.

இயந்திரம் முழு நேரமும் நிரம்பியிருந்தால் கதை தலைகீழாகிறது. மணிக்கு 500 உறைகள் வார்க்கிறது, ஒரு செட்டப்புக்கு 6 மணி நேரம் பிடிக்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 2,000 மணி ஓட்டமும் 300 மணி செட்டப்புமாக, ஒரே ஷிப்டில் இயங்கும் ஆலைக்கு இது ஏறக்குறைய முழு ஆண்டு. கறுப்பு உறைக்கு இன்னும் தேவை இருந்தும் செய்ய நேரமில்லை என்றால், செட்டப்பில் போகும் ஒவ்வொரு மணியும் 500 கறுப்பு உறைகளின் பங்களிப்பை விழுங்குகிறது. விலை 36-லிருந்து மாறும் செலவு 30 போக உறைக்கு 6; மணிக்கு 3,000; ஆறு மணிக்கு 18,000. கையை விட்டுப் போகும் 5,000-ஐயும் சேர்த்தால் ஒரு செட்டப்பின் உண்மையான விலை 23,000. அப்போது அதே பதினாறு செட்டப்புகளைக் குறைப்பது 3,68,000 மதிப்புள்ளது.

ஏடுகளில் 20,000 என்று எழுதப்பட்டிருக்கும் செட்டப் செலவு, ஓய்வுள்ள இயந்திரத்தில் 5,000. நிரம்பிய இயந்திரத்தில் 23,000. சராசரியாக எழுதிவைத்த எண் இரண்டு நிலைமைகளுக்கும் பொருந்தவில்லை. முடிவெடுப்பவருக்குத் தேவையானது அந்தச் சராசரி அல்ல, இன்றைய நிலைமை இரண்டில் எது என்ற தகவல். அதைத் தரும் அறிக்கைகள் அரிது என்பது என் அனுபவம். இயந்திரத்தின் மணிக்கணக்கு உற்பத்திப் பிரிவிடமும் பணக்கணக்கு கணக்குப் பிரிவினரான நம்மிடமும் தனித்தனியாகக் கிடப்பது அதற்கு ஒரு காரணம்.

நீல உறையைக் கைவிடலாமா என்ற கேள்வியை இந்த வெளிச்சத்தில் மறுபடியும் பார்ப்போம். 500 உறைகள் கொண்ட ஓர் ஓட்டம் உறைக்கு 20 வீதம் 10,000 பங்களிக்கிறது, செட்டப்பில் 5,000 போகிறது, மீதி 5,000. ஓய்வுள்ள ஆலையில் இது நிகர வரவு. செயல்பாடு சார்ந்த அறிக்கை 2,30,000 நட்டம் என்று சொன்னதை அப்படியே நம்பி நீலத்தை நிறுத்தினால், ஆலையின் இலாபம் ஆண்டுக்கு 1,00,000 குறையும். நிரம்பிய ஆலையிலோ அதே ஓட்டம் ஒரு மணி வார்ப்பும் ஆறு மணி செட்டப்புமாக ஏழு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கு ஏறத்தாழ 714 மட்டுமே தருகிறது. கறுப்பின் ஓட்டத்தை அந்த நேரத்துக்கு நீட்டியிருந்தால் மணிக்கு 3,000 வந்திருக்கும். ஆனால் நீலத்தையே 2,500 வீதம் ஓட்டினால், ஐந்து மணி வார்ப்பும் ஆறு மணி செட்டப்புமாகப் பதினோரு மணியில் 45,000 வருகிறது. மணிக்கு ஏறத்தாழ 4,091. கைவிடப்பட வேண்டிய பொருள் கறுப்பையே முந்திவிடுகிறது. இந்த எண்களின்படி இரண்டும் சமமாகும் இடம் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 1,643 உறைகள். நிரம்பிய இயந்திரத்தில் நீல உறையின் இலாபத்தைப் பற்றிப் பேசும் எவரும் அறிந்திருக்க வேண்டிய எண் அதுதான். உறைக்கு 73 என்ற அடக்கவிலை அந்த இடத்தில் பெரிதாக உதவாது.

எவ்வளவு பெரிய தொகுதி சரியானது என்பதற்குச் சூத்திரம் நூறாண்டுக்கும் முந்தையது. ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-ல் வெளியிட்டது அது: ஆண்டுத் தேவையையும் செட்டப் செலவையும் பெருக்கி, இரட்டிப்பாக்கி, ஓர் அலகை ஓராண்டு இருப்பில் வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நீல உறையை ஓராண்டு வைத்திருக்க மாறும் செலவில் 20 சதவீதம், அதாவது 6 ஆகிறது என்று கொண்டு ஏட்டுச் செலவான 20,000-ஐ இட்டால் விடை 8,165. கிட்டத்தட்ட பத்து மாதச் சரக்கை ஒரே மூச்சில் செய்து அடுக்கச் சொல்கிறது. உண்மையில் கைவிட்டுப் போகும் 5,000-ஐ இட்டால் 4,082, சரிபாதி. நிரம்பிய ஆலைக்கான 23,000-ஐ இட்டால் 8,756. சூத்திரத்தில் பிழையில்லை; அதற்குள் இடும் செட்டப் செலவு எந்த நிலைமைக்குரியது என்று கேட்காமல் இடுவதில்தான் பிழை.

அந்தச் சூத்திரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடையைச் சுற்றியுள்ள வளைவு மிகவும் தட்டையானது. 5,000 செட்டப் செலவில் 4,082-க்குப் பதிலாக 2,500 வீதம் ஓட்டினால், தொகுதி ஏறத்தாழ 40 சதவீதம் சிறிதாகியும் ஆண்டு மொத்தச் செலவு 24,495-லிருந்து 27,500 ஆகத்தான் உயர்கிறது. ஓய்வு நேரம் உள்ள ஆலையில் இந்த 3,000 சொச்சத்தைக் கொடுத்துச் சிறிய தொகுதியை வாங்கிக்கொள்வது பல நேரங்களில் மலிவு என்றே நான் நினைக்கிறேன். பெரிய ஓட்டத்தில் நடுவே நுழைந்த ஒரு குறை, பல வாரங்கள் கழித்துச் சரக்கை எடுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பல ஆயிரம் உறைகள் அதே குறையோடு அடுக்கப்பட்டிருக்கும். நீண்ட ஓட்டம் முடியும் வரை மற்றப் பொருட்களின் வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டும். வடிவமைப்பு மாறினால் மிச்சச் சரக்கு பழைய நெகிழி ஆகிவிடும். இவற்றில் எதுவும் அந்த 20 சதவீதத்துக்குள் முழுமையாக அடங்குவதில்லை.

தொகுதியின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்ற வாதத்தையே ஓரங்கட்டியது ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோவின் அணுகுமுறை. செட்டப் செலவை ஏன் மாறாததாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகளையும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடிய வேலைகளையும் பிரித்து, முதல் வகையை இரண்டாம் வகைக்கு மாற்றிக்கொண்டே போவது அவர் வழி. டொயோட்டாவில் 1,000 டன் அழுத்து இயந்திரம் ஒன்றின் அச்சு மாற்றம் 1969-ல் நான்கு மணி நேரத்திலிருந்து முதலில் 90 நிமிடத்துக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் இறங்கியதாக அவர் பதிவு செய்திருக்கிறார். நம் எடுத்துக்காட்டில் அவ்வளவு பெரிய மாற்றம்கூட வேண்டாம். செட்டப் நேரம் 6 மணியிலிருந்து 1.5 மணிக்கும், வீணாகும் பொருள் 5,000-லிருந்து 1,250-க்கும் குறைந்தால், 500 உறைகளின் ஓட்டம் இரண்டரை மணியில் 8,750 தருகிறது, மணிக்கு 3,500. நிரம்பிய இயந்திரத்தில்கூடக் கறுப்பை முந்தும் பொருளாக, அதுவும் அதே சிறிய தொகுதியில், நீலம் மாறிவிடுகிறது. செட்டப் நேரத்தைக் குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் கேட்டு உற்பத்திப் பிரிவு வரும்போது, மிச்சமாகும் கூலியை மட்டும் கணக்கிட்டு அவற்றைத் தட்டிக்கழிக்கும் கணக்காளர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பெரிய தொகுதிக்கு ஆதரவாக ஏடுகளிலேயே ஒரு சாய்வும் இருக்கிறது. முழுச் செலவையும் சரக்கில் ஏற்றும் முறையில், விற்காமல் கிடங்கில் நிற்கும் ஒவ்வோர் உறையும் தன் பங்கு நிலைச் செலவைத் தன்னோடு அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்கிறது. ஆண்டு முடிவில் கறுப்பு உறைகள் 50,000-ஐத் தேவையின்றிக் கூடுதலாக ஓட்டினால், உறைக்கு 3 வீதம் 1,50,000 பொது மேற்செலவு சரக்கிருப்பின் மதிப்புக்குள் ஏறிக்கொள்ள, ஓர் உறைகூட விற்காமலே இலாபம் அதே அளவு உயர்ந்து தெரியும். நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனின் அடிப்படையில் பகிர வேண்டும் என்று பன்னாட்டுக் கணக்கியல் தரம் 2 சொல்கிறது. உற்பத்தி மிகக் குறைந்த ஆண்டில் ஓர் அலகின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏறாமல் அது காக்கிறது. தேவைக்கு மேல் சரக்கு சேர்ப்பதை அது தடுப்பதில்லை. ஆலை மேலாளரின் ஊக்கத்தொகை இப்படிக் கணக்கிட்ட இலாபத்தோடு கட்டப்பட்டிருந்தால், தொகுதிகள் ஏன் வளர்ந்துகொண்டே போகின்றன என்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. உள் அறிக்கைகளிலாவது மாறும் செலவை மட்டும் சரக்கில் ஏற்றும் பங்களிப்பு முறையைப் பின்பற்ற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எல்லாத் தொழிலிலும் தொகுதியை விருப்பப்படி நீட்டவோ சுருக்கவோ முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலவைக் கலன் 2,000 லிட்டர் கொள்ளும் என்றால், 2,100 லிட்டர் ஆணை இரண்டு தொகுதிகளாகிவிடும். மருந்து உற்பத்தியில் ஒவ்வொரு தொகுதியும் தனியாகச் சோதிக்கப்பட்டுத் தனியாக விடுவிக்கப்பட வேண்டும். சோதனைச் செலவு தொகுதியின் அளவோடு பெரிதாக மாறாது. அத்தகைய இடங்களில் படிப்படியாக ஏறும் செலவைக் கணக்கிட்டே விலை சொல்ல வேண்டும்.

விலை சொல்லும் இடத்தில்தான் இந்தக் கணக்கு முழுவதும் பயன்படுகிறது. நீல உறைக்கு ஒரே விலை சொல்வதற்குப் பதிலாக, ஏட்டுச் செலவின்படி 500 வாங்கினால் அடக்கவிலை 73, 1,000 வாங்கினால் 53, 2,500 வாங்கினால் 41 என்ற ஏணியை விற்பனையாளரின் கையில் கொடுத்துவிட்டால், சிறிய ஆணையின் உண்மையான பளு வாடிக்கையாளருக்கும் புரியும். இயந்திரத்துக்கு ஓய்வு இருக்கும் மாதங்களில் இந்த ஏணிக்குக் கீழே இறங்கிப் பேச இடமுண்டு. நிரம்பிய மாதங்களில் இல்லை. வாடிக்கையாளர் ஐந்நூறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், 2,500-ஐ ஒரே ஓட்டத்தில் செய்து நாமே இருப்பு வைத்து ஐந்து தவணைகளில் அனுப்புவது இரு தரப்புக்கும் ஒத்துவரும் வழி. அந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், இடையில் வடிவமைப்பையோ நிறத்தையோ அவர் மாற்றினால் நம் கிடங்கில் மிஞ்சும் உறைகளை யார் விலைக்கு எடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நான்காவது தவணை போன பிறகு அவர் மாற்றினாலே 500 உறைகள், மாறும் செலவில் மட்டும் 15,000, நம் தலையில் நிற்கும். முதல் தவணையோடு மாற்றினால் அது 60,000.